ஐகான் ஒண்ணுதான், எக்செல் வேற: டேப்லெட்டை நம்பி லேப்டாப்பை விடலாமா?

கடையில் டேப்லெட் வாங்கப் போனால் விற்பவர் தவறாமல் சொல்லும் ஒரு வரி உண்டு: "வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் எல்லாமே இதுல ஓடும் சார்." அது பொய் இல்லை. அந்த ஆப்கள் எல்லாம் ஓடத்தான் செய்யும். ஆனால் அலுவலகத்தில் கேட்கிற வேலை முழுசாக முடியுமா என்பது வேறு கேள்வி. அதை வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில்தான் பலருக்கும் பதில் தெரியவருகிறது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருப்பவருக்கு இது சின்ன விஷயம். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்கிற குடும்பத்துக்கு இது பெரிய முடிவு.

ஜவளகிரிக்கு இது ஏன் முக்கியம்?

கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டத்தில் தளியைத் தாண்டி, காட்டை ஒட்டி இருக்கும் ஊர் ஜவளகிரி. பன்னார்கட்டா பக்கமிருந்து யானைகள் இடம்பெயர்ந்து வரும் வழி என்று செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் பகுதி. ஒரு பக்கம் ஓசூர் சிப்காட், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல், ஜிகணி, பொம்மசந்திரா. டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு நிறுவனங்களும் நிறைந்த வட்டாரம் இது. ஐபோனின் உலோக உறைகளைச் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைகூட ஓசூர் அருகில்தான் இருக்கிறது.

இங்கே டிப்ளமோவோ பி.காமோ முடித்த ஒருவருக்குக் கிடைக்கும் முதல் மேஜை வேலை பெரும்பாலும் ஸ்டோர்ஸ், குவாலிட்டி, டிஸ்பாட்ச், அக்கவுன்ட்ஸ், ஹெச்.ஆர். இவற்றில் ஒன்று. இந்த ஐந்துக்கும் பொதுவான கருவி எக்செல். இன்டர்வியூவில் "சிஸ்டம் தெரியுமா?" என்று கேட்டால், பாதி அர்த்தம் "எக்செல் தெரியுமா?" என்பதுதான். டேப்லெட்டில் மட்டும் எக்செல் பழகியவர் "தெரியும்" என்று சொல்வார். ஆனால் அவருக்குத் தெரிந்தது எக்செலின் ஒரு பகுதி.

டேப்லெட்டில் என்னவெல்லாம் நடக்கும்?

நியாயமாகச் சொன்னால், நிறைய நடக்கும். மைக்ரோசாஃப்ட் ஐபேடுக்கான ஆபீஸை 2014 மார்ச் 27 அன்று வெளியிட்டது. அதற்குப் பிறகு அது எவ்வளவோ முன்னேறிவிட்டது. கூட்டல், கழித்தல், விலுக்கப், சார்ட், ஃபில்டர் எல்லாம் வேலை செய்யும். வேர்டில் கடிதம் அடிக்கலாம், கமென்ட் போடலாம். பவர்பாயின்டை நேராக புரொஜெக்டரில் காட்டலாம். பிடிஎஃப் படிக்க, பேனாவால் கையெழுத்துப் போட, ஆலைத் தளத்தில் நின்றபடி செக்லிஸ்ட் டிக் அடிக்க, பழுதான பாகத்தைப் படம் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்ட, லேப்டாப்பைவிட டேப்லெட்தான் வசதி. தமிழக அரசு 2024-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்கு டேப்லெட் கொடுத்ததும் இந்த மாதிரி வேலைகளுக்குப் பொருத்தமானதே.

பார்ப்பது, திருத்துவது, குறிப்பது: இந்த மூன்றுக்கும் டேப்லெட் போதும். ஒரு கோப்பை முதலிலிருந்து கடைசிவரை உருவாக்கி, சரிபார்த்து, சமர்ப்பிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

எங்கே நிற்கும்?

முதல் தடை திரையின் அளவிலேயே இருக்கிறது. 10.1 அங்குலம் வரையுள்ள திரையில்தான் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஆப்பில் இலவசமாகத் திருத்த முடியும். அதைவிடப் பெரிய திரை என்றால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். இல்லையென்றால் கோப்பைத் திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான். "வேலைக்குப் பெரிய திரை நல்லது" என்று கூடுதல் காசு கொடுத்து 11 அங்குல டேப்லெட் வாங்கியவர்தான் இதில் மாட்டுகிறார். கூகுள் ஷீட்ஸில் இந்த அளவுக் கட்டுப்பாடு இல்லை. அடுத்த தடை அங்கேயும் உண்டு.

அது மேக்ரோ. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல், ஒரு பட்டனைத் தட்டினால் தானாக நடக்கும்படி எக்செலுக்குள் எழுதிவைக்கும் நிரல்தான் மேக்ரோ. விபிஏ என்ற மொழியில் எழுதப்படும். 1993 முதல் எக்செலில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கம்பெனிகள் இதன்மேல் வேலையைக் கட்டிவைத்திருக்கின்றன. ஷிஃப்ட் வாரியாக உற்பத்திக் கணக்கு, ஓவர்டைம், ஸ்டாக் என்று பல கோப்புகளுக்குள் மேக்ரோ உட்கார்ந்திருக்கும். டேப்லெட் எக்செலில் அந்தக் கோப்பு திறக்கும், எண்கள் தெரியும், பட்டனும் தெரியும். தட்டினால் எதுவும் நடக்காது. பிரவுசரில் திறக்கும் எக்செலிலும் விபிஏ ஓடாது.

கம்பெனிக் கோப்பு மட்டும் இல்லை, அரசுக் கோப்பும் இப்படித்தான். வருமான வரித்துறை தரும் எக்செல் படிவங்கள், ஜிஎஸ்டிஆர்-3பி ஆஃப்லைன் படிவம், மொத்தமாக இ-வே பில் போட உதவும் கோப்பு எல்லாமே மேக்ரோவை நம்பியவை. மாநில எல்லை தாண்டும் சரக்குக்கு இ-வே பில் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது வேண்டும். ஒரே ஒரு பில் என்றால் போனில்கூட போட்டுவிடலாம். சாயங்காலம் நாற்பது பில்லை ஒன்றாகப் போட வேண்டும், லாரி அத்திப்பள்ளி பக்கம் கிளம்பக் காத்திருக்கிறது என்றால், எக்செல் கோப்பில் விவரத்தை நிரப்பி, "வேலிடேட்" பட்டனைத் தட்டி, தளத்தில் ஏற்றுவதுதான் வழி. அந்தப் பட்டனுக்குக் கணினி வேண்டும்.

இன்னும் சில இடங்கள்:

• மெயில் மெர்ஜ்: 300 தொழிலாளர்களின் பெயரும் சம்பளமும் எக்செலில் இருக்கிறது, 300 கடிதம் வேர்டில் வேண்டும். கணினியில் பத்து நிமிட வேலை. டேப்லெட் வேர்டில் அந்த வசதி இல்லை.

• பவர் குவெரி: பல கோப்புகளிலிருந்து தகவலை இழுத்து ஒரே அட்டவணையாக்கும் கருவி. டேப்லெட் எக்செலில் இல்லை. பிவட் டேபிளைப் புதிதாக உருவாக்கும் வசதியே ஐபேடுக்கு 2024-ல்தான் வந்தது. ஆப் வெளியாகிப் பத்து ஆண்டு கழித்து!

• டிஜிட்டல் கையெழுத்து: கம்பெனிப் பதிவாளரிடம் ஆவணம் தாக்கல் செய்ய, அரசு இணைய டெண்டரில் கலந்துகொள்ள, யுஎஸ்பி டோக்கனில் உள்ள டிஎஸ்சி தேவை. அதற்கான டிரைவர், கையொப்ப மென்பொருள் எல்லாம் கணினியை நினைத்துச் செய்யப்பட்டவை. டேப்லெட்டில் டோக்கனைச் செருக இடம் இருந்தாலும் வேலைக்கு ஆகாது.

• பழைய தமிழ் எழுத்துரு: யூனிகோடை 2010-லேயே தமிழக அரசு தரநிலையாக ஏற்றது. ஆனாலும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கணினியில் அந்த எழுத்துருவை நிறுவிவிட்டால் போதும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அது அவ்வளவு சுலபமில்லை. திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

இதெல்லாம் போக, விரல் பிரச்சினையும் இருக்கிறது. 2,000 வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு நிரலை மட்டும் நகலெடுத்து, இன்னொரு கோப்பில் ஒட்டுவது கீபோர்டில் சில நொடி. தொடுதிரையில் அது பொறுமைச் சோதனை. நாற்பது நிரல் அகலமுள்ள குவாலிட்டி ஷீட்டைச் சின்னத் திரையில் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பவருக்குத் தலைப்பு ஓரிடம், எண் ஓரிடம். தப்பு நுழைவது அங்கேதான்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்?

சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. விபிஏ மேக்ரோ கணினிக்குள் ஆழமாகக் கை நீட்டும்: மற்ற கோப்புகளைத் திறக்கும், வேறு மென்பொருளைக் கூப்பிடும். ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு இரண்டும் ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுபவை. ஒரு ஆப் இன்னொன்றுக்குள் தலையிட முடியாது. டேப்லெட்டில் வைரஸ் தொல்லை குறைவாக இருப்பதற்கும், அதில் மேக்ரோ ஓடாததற்கும் ஒரே பூட்டுதான் காரணம். மேக்ரோ வழியாக வைரஸ் பரவியதால், இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் மேக்ரோவை 2022-ல் கணினியிலேயே இயல்பாக முடக்கிவிட்டது மைக்ரோசாஃப்ட்.

ஆக, இந்தக் குறைகள் அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. பிவட் டேபிள் மாதிரி சில வசதிகள் மெதுவாக வந்து சேரும். மேக்ரோ வரும் என்று நம்பி முடிவெடுக்கக் கூடாது.

2011 சொல்லும் பாடம்

டேப்லெட்டா, லேப்டாப்பா என்ற கேள்விக்கு இந்தியாவில் ஏற்கெனவே ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. மூன்றே வாரத்தில், அக்டோபர் 5 அன்று, மத்திய அரசு "ஆகாஷ்" என்ற மலிவு விலை டேப்லெட்டை அறிமுகப்படுத்தியது. 7 அங்குலத் திரை, 256 எம்பி ரேம். உலகமே திரும்பிப் பார்த்த ஆகாஷ், மாணவர் கையில் வேலைக் கருவியாக நிலைக்கவில்லை. தமிழக லேப்டாப்பில் எத்தனையோ பேர் முதல்முறையாக டைப்பிங்கும் எக்செலும் பழகினார்கள்.

மைக்ரோசாஃப்டே இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றது. 2012-ல் வந்த அதன் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டில் ஆபீஸ் இலவசமாகவே இருந்தது. ஆனால் அந்த ஆபீஸில் மேக்ரோ ஓடாது. பழைய விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவவும் முடியாது. விண்டோஸ் மாதிரியே தெரிந்ததால் வாங்கியவர்கள் குழம்பினார்கள். 2013 ஜூலையில் அந்த டேப்லெட் கணக்கில் 90 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது நிறுவனம்.

தமிழகத்தின் 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் "டேப்லெட் அல்லது லேப்டாப்" என்று அறிவிப்பு வந்தது. ஆனால் அடுத்து எல்காட் கோரிய டெண்டர் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட லேப்டாப்புக்கு. அது சரியான முடிவு.

"கீபோர்டு மாட்டிக்கிட்டா போதாதா?"

இது அடிக்கடி வரும் எதிர்வாதம். கீபோர்டு டைப்பிங்கை வேகமாக்கும். ஆப்பில் இல்லாத வசதியை அது கொண்டுவராது. ஆபீஸ் கணினியை ரிமோட் டெஸ்க்டாப் மூலம் டேப்லெட்டில் இயக்கலாமே என்றால், தாராளமாக. ஆனால் அதற்கு எங்கோ ஒரு கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நெட் விட்டுவிட்டு வரக் கூடாது. இன்டெல், ஏஎம்டி சிப்பில் ஓடும் விண்டோஸ் டேப்லெட் என்றால் முழு ஆபீஸும் நிறுவலாம். அது டேப்லெட் உருவத்தில் இருக்கும் கணினி. விலையும் அதற்கேற்றபடிதான்.

"இனி எல்லாம் கிளவுட்தான், மேக்ரோவே செத்துப்போயிடும்" என்றும் சொல்கிறார்கள். ஒருநாள் அப்படி ஆகலாம். சிப்காட்டில் இன்று மேஜையில் இருப்பது நேற்றைய கோப்பு. வேலைக்குச் சேர்பவர் அதைத்தான் திறந்தாக வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்?

வாங்குகிறவருக்கு விதி எளிது: முதல் கருவி கணினி, இரண்டாவது டேப்லெட். பட்ஜெட் இடிக்கிறது என்றால், புது டேப்லெட்டைவிட நல்ல நிலையில் உள்ள பழைய ஆபீஸ் லேப்டாப் மேல். ஆபீஸ் சந்தாவுக்குக் காசு இல்லையா? லிப்ரே ஆபீஸ் இலவசம். விபிஏ மேக்ரோ அதில் ஓரளவுக்குத்தான் ஓடும், ஆனாலும் பவர் பயன்பாட்டுக்கு அடிப்படையான பிவட் டேபிள், மெயில் மெர்ஜ் எல்லாம் அதிலேயே பழகலாம். ஏற்கெனவே டேப்லெட் வாங்கிவிட்டவர், கல்லூரி லேபிலோ தெரிந்தவர் கணினியிலோ வாரம் சில மணி நேரமாவது எக்செலில் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஆனால் முழுப் பாரத்தையும் வாங்குகிறவர் தலையிலேயே வைப்பது நியாயம் இல்லை. "ஆபீஸ் உண்டு" என்று விளம்பரம் செய்யும் நிறுவனம், "இந்தத் திரை அளவில் திருத்தச் சந்தா வேண்டும், மேக்ரோ ஓடாது" என்று பெட்டியின்மேல் இரண்டு வரி போடலாம். அதில் என்ன நஷ்டம்? வரித்துறையும் ஜிஎஸ்டி அமைப்பும் மேக்ரோ கோப்பை விட்டுவிட்டு, எந்தக் கருவியின் பிரவுசரிலும் ஓடும் படிவத்துக்கு முழுமையாக மாறலாம். குடிமகன் இந்த எக்செல் படிவங்களைப் பயன்படுத்தக் கணினி ஒரு முன்நிபந்தனையாக இருப்பது விசித்திரம்.

அதுவரை, ஒரு சின்னச் சோதனை போதும். வேலைக்குப் போகும் இடத்தில் அன்றாடம் புழங்கும் கோப்பு ஒன்றின் மாதிரியைக் கேட்டு வாங்கி, கடையில் அந்த டேப்லெட்டில் திறந்து, ஒரு எண்ணை மாற்றி, பட்டனைத் தட்டிப் பார்க்கட்டும். நடந்தால் வாங்கலாம். நடக்கவில்லை என்றால், அந்தக் காசுக்குக் கணினி எங்கே கிடைக்கும் என்று தேடுவதுதான் புத்திசாலித்தனம்.