உரியும் பாதமும் சீனத் தைலமும்

மலேசியாவின் செண்டாயான் தோட்டப்புறத்துப் பாட்டாளிகளின் பாதம் உரிவது சீன வைத்தியம் சொல்லும் ‘ஈரச்சூடு’ தேகத்துள் தேங்கியதன் விளைவே என்றும், சீன மருந்துக்கடைத் தைலமே அதற்குப் போதுமான சிகிச்சை என்றும் நண்பர் ஒருவர் எழுதியுள்ள அபிப்பிராயத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன். சீன வைத்தியத்தை இகழ்வது என் நோக்கமன்று. பண்டைச் சீன நூலொன்றின் குறிப்பைப் பின்பற்றி மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கண்ட தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றதை உலகம் அறியும். ஆயினும், அவ்வம்மையாரின் பெருமை மூலிகையைச் சோதனைக்கு உட்படுத்தியதில் அன்றோ இருக்கிறது?

பால்மரம் சீவவும் செம்பனைக் குலை அறுக்கவும் விடியலில் புறப்பட்டு, நனைந்த ரப்பர் பூட்ஸுக்குள் மணிக்கணக்காகப் புழுங்கிக் கிடக்கும் பாதத்தில், கடைசி இரு விரல்களின் இடுக்கு வெளுத்து, ஊறி, அரித்து உரியுமானால், அது பெரும்பாலும் பூஞ்சைக் காளான் பற்றிய சேற்றுப்புண்ணே. காலை ஈரம் போகத் துடைப்பதும், காலுறையைத் தினமும் மாற்றுவதும், குளோட்ரிமசோல் போன்ற களிம்பை அரிப்பு நின்ற பின்னரும் சொன்ன காலம்வரை தடவுவதுமே அதற்கு நிவாரணம். பெயரற்ற தைலத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், அது அரிப்பை அடக்கிக் காளானை வளர்க்கும். நீரிழிவு உள்ளவருக்கோ சிறு வெடிப்பும் காலுக்கே ஆபத்தாக முடியலாம்.

ஆகவே, தைலம் வாங்குவோர் மலேசியச் சுகாதார அமைச்சின் ‘மால்’ பதிவெண் உண்டா என்று பார்த்தே வாங்குக. இரண்டு வாரத்தில் குணமாகாவிடில் தயங்காமல் கிளினிக்குக்குச் செல்க.