தானே ஓடும் வட்டு

நம் வீட்டுக் கணினியில் அழகாக ஓடிய படக்காட்சி, கல்யாண மண்டபத்துக் கணினியில் அசையாமல் நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். செய்தவரின் உழைப்பில் குறையில்லை. காட்சியைப் பதிந்த வட்டைப் போட்டதும் விண்டோஸ் தேடுவது ‘ஆட்டோரன்.இன்ஃப்’ என்ற சின்னஞ்சிறு கோப்பை. எதைத் திறக்க வேண்டும் என்பதை அதில் ஒரு வரியில் எழுதிவிடலாம். விண்டோஸ் 95 காலத்து ஏற்பாடு அது. பவர்பாயிண்ட் 2003, பவர்பாயிண்ட் இல்லாத கணினிக்கான வியூவரையும் சேர்த்தே சிடியில் பதிந்து கொடுத்தது. பிறகு கான்ஃபிக்கர் போன்ற கணினிப் புழுக்கள் இதே ஆட்டோரன் வாசல் வழியே பென்டிரைவ்களில் பரவின. மைக்ரோசாஃப்ட் பென்டிரைவுக்கு அந்த வாசலை அடைத்தது. இப்போது வட்டும் பயனரைக் கேட்டுவிட்டுத்தான் ஓடும். வியூவரையும் 2018-இல் நிறுத்திவிட்டார்கள். மேக், லினக்ஸ் கணினிகளோ ஆட்டோரன் கோப்பைப் பொருட்படுத்துவதே இல்லை.

தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு வேதனை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வாழ்த்து, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். மணிவிழா மேடையில் தாத்தாவின் பெயர் அப்படிச் சிதைந்து வந்தால் குடும்பத்தார் மனம் என்ன பாடுபடும்! யூனிகோடில் அடியுங்கள். அதைவிட, காட்சியையே வீடியோவாக மாற்றிவிடுவதுதான் சரி. பவர்பாயிண்ட் 2013 முதல் எம்பி4 ஆகவே சேமிக்கலாம். எழுத்தும் பாட்டும் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதை டிவிடி வீடியோவாகப் பதிந்தால் சாதாரண டிவிடி பிளேயரிலும் ஓடும். விழாவுக்கு முந்தின நாளே அந்த மண்டபத்துக் கணினியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.