ஆல் ஸ்டார் மேட்ச்: ராதாபுரத்துப் பொண்ணுக்கு என்ன லாபம்?

பல அணிகளின் சிறந்த வீராங்கனைகளைப் பொறுக்கி எடுத்து, இரண்டு அணியாகப் பிரித்து மோதவிடுவதுதான் ஆல் ஸ்டார் மேட்ச். அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. இதை 1999-லேயே தொடங்கிவிட்டது. வெறும் ஷோதானே என்று தோன்றலாம். நெல்லை கல்லூரி மாணவிகளின் கூடைப்பந்தில் கதையே வேற.

மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்கு, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிதான் வாசல். ராதாபுரம் பக்கத்துச் சின்னக் கல்லூரியில் ஒரு மாணவி பிரமாதமாக ஆடுகிறார், மற்ற நாலு பேர் சுமார் என்றால்? நாக் அவுட்டில் முதல் ரவுண்டிலேயே அணி காலி. செலக்டர் கண்ணில் அவர் பட்டது 40 நிமிடம்தான். ஃபைனல் வரை போகும் அணியின் சுமாரான ஆட்டக்காரருக்குக்கூட மூணு, நாலு வாய்ப்பு.

ஆல் ஸ்டார் என்றால் அணிக்கு 12 வீதம் 24 பேர். ஒரு கல்லூரிக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று விதி வைத்தால் போதும். இதில் வேலையும் அடங்கியிருக்கிறது. இந்திய அணியின் முன்னாள் கேப்டன், பத்மஸ்ரீ அனிதா பால்துரைக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் போகிறவர் கையில் சான்றிதழ் வேண்டும். அதற்கு முதலில் பெரிய அணியில் இடம் வேண்டும்.

பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு முந்தைய வாரம், காலையிலேயே நடத்துவது நல்லது. சாயங்காலம் வைத்தால், நாலாவது குவார்ட்டர் முடிவதற்குள் ராதாபுரம் பஸ் போய்விடும்.