சரக்காகும் மாணவன்

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு மாலைப்பொழுது நடந்து பாருங்கள். புடைவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையே, வெளிநாடு சென்று வர்த்தக முகாமைத்துவம் பயிலுமாறும், பயின்றுகொண்டே சம்பாதிக்குமாறும் அழைக்கும் விளம்பரப் பலகைகள் கண்ணிற்படும். கற்பவன் வணிகனாவான் என்பது அவற்றின் வாக்குறுதி. உண்மையோ வேறு. இந்த வணிகத்தில் அவன் வணிகனல்லன், சரக்கு.

இது ஆத்திரத்தில் பிறந்த சொல்லன்று. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரின் பட்டப்படிப்புக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதித்துள்ளது. 2017 முதல் 2025 வரை அது 9,250 பவுணிலேயே நின்றது. செலவுகளோ ஏறிக்கொண்டே சென்றன. அந்தப் பள்ளத்தைப் பல்கலைக்கழகங்கள் பிறநாட்டு மாணவரின் வரம்பற்ற கட்டணத்தால் நிரப்பின. நம் பிள்ளை அங்கு வரவேற்கப்படுவது அவன் அறிவின் பொருட்டு மட்டுமன்று. அவர்களது ஐந்தொகையைச் சரிக்கட்டவுந்தான்.

"வேலை செய்து கட்டிவிடலாம்" என்கிறார் முகவர். கணக்குப் பார்ப்போம். தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே பட்டதாரி மாணவன் உழைக்கலாம். 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண், வாரத்துக்கு ஏறத்தாழ 244 பவுண். வர்த்தக முதுமாணிக் கட்டணம் பல இடங்களில் 15,000 பவுணுக்கு மேல். உண்ணாமல், உறங்க இடமின்றி, ஒரு சதமும் செலவிடாமல் சேர்த்தாலும் 61 வாரத்துக்கு மேல் வேண்டும். ஓராண்டில் 52 வாரங்களே உள்ளன! உயர்தர வகுப்பில் கணக்கியல் கற்ற மாணவன் இந்த எளிய வகுத்தலை ஏன் செய்து பார்க்கவில்லை? செய்து பார்க்க நாம் சொல்லவில்லை.

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். வணிகம் பயிலச் சென்றவன், மாணவ விசாவில் உள்ளவரை சுயதொழில் செய்யலாகாது. உணவு விநியோகச் செயலிகளின் வேலையும் சுயதொழிலாகவே கணிக்கப்படுகிறது. ஆகவே பிறர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்குப் பெற்று, குளிர் இரவில் சைக்கிள் மிதிப்போர் உளர். பிடிபட்டால் படிப்பும் போகும். கொடுத்த பணமும் போகும்.

இந்தச் சூதாட்டத்தில் பணயம் வைக்கப்படுவது யாருடைய உடைமை? நம் கரையோர ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுப்பது வழமை. தம்பியின் விசாவுக்காக ராத்தாவின் வளவு விலைபோனதை நான் அறிவேன். வங்கியில் 28 நாட்கள் காட்டவேண்டிய பணத்துக்காக, வட்டியைப் பாவமென அஞ்சிய வாப்பா வட்டிக்காரரின் வாசலில் நின்றதையும் அறிவேன். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாவளவில் நின்ற நம் நாணயம், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு வீழ்ந்தது. அன்று பாதி வழியில் நின்ற மாணவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

"கடல் கடந்தோர் உயரவில்லையா?" என்று கேட்பீர்கள். உயர்ந்தோர் உண்டு, அவர்களை வாழ்த்துவோம். நம் எதிர்ப்பு பயணத்துக்கல்ல, பயணத்தைக் கட்டாயமாக்கும் அமைப்புக்கே. 1945இல் கன்னங்கரா வகுத்த இலவசக் கல்வி நம்மைப் படிக்க வைத்தது. ஆயினும் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் நாலிலொருவர் அளவினரே அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுகின்றனர். போரினால் இடம்பெயர்ந்த மாணவரின் அவலத்திலிருந்து எழுந்ததே ஒலுவிலின் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அங்கே முகாமைத்துவ வர்த்தக பீடம் இருக்கிறது. அருகே மருதமுனையின் தறிகளும் சம்மாந்துறையின் நெல் ஆலைகளும் இருக்கின்றன. பீடத்தையும் தறியையும் இணைக்கும் முதலீடும் திட்டமுமே இல்லை. கதவடைக்கப்பட்டவனிடம் முகவர் சாளரத்தைக் காட்டுகிறார்; விலையையும் தாமே குறிக்கிறார்.

ஆசிரிய நண்பர்களே, நாமும் குற்றவாளிகளே. விசா பெற்றவனுக்கு மாலையிட்டோம். அவன் கடனை விசாரித்தோமா? இனி ஒவ்வொரு உயர்தர வகுப்பிலும் அந்த 61 வாரக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவோம். அரச பல்கலைக்கழகங்களில் இடங்களைப் பெருக்குமாறு மாணவரோடு சேர்ந்து குரலெழுப்புவோம். போக விரும்புவோன் போகட்டும். கணக்குத் தெரிந்தவனாய்ப் போகட்டும். அவன் ராத்தாவின் வளவு அவளுக்கே இருக்கட்டும்.