குளியலறைக்குள்ள நெருப்பு வேண்டாம்

போன மார்கழியில எங்க வீட்டு கேஸ் கீசரைக் கழட்டிட்டேன். ஒம்பது வருசம் ஓடுன சாமான். "நல்லாத்தானே எரிஞ்சுது மச்சான், அதை ஏன் கழட்டுனீங்க?"ன்னு பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கயும் எழுதிடறேன்.

அன்னைக்கு விடியக்காலம் நல்ல பனி. முதல்ல மருமக குளிச்சுட்டு வந்துது. அடுத்து எங்கம்மா போனாங்க. வயசு 78. குளிருதுன்னு சன்னலைச் சாத்தி, மேல காத்து வர்ற ஓட்டையிலயும் சாக்கைத் திணிச்சிருக்காங்க. கால்மணி நேரமாகியும் சத்தமில்லை. "மாமா, ஆத்தா பேச மாட்டேங்கிறாங்க"ன்னு மருமக கத்துச்சு. கதவை ஒடைச்சுப் பார்த்தா அம்மா சுவத்துல சாஞ்சு கெடக்கறாங்க. தூக்கி வந்து திண்ணையில போட்டு, காத்துப்பட வெச்சு, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "பாத்ரூம்ல கேஸ் கீசரா?"ங்கறதுதான். அம்மா பொழச்சுட்டாங்க.

நாம என்ன நெனச்சுட்டிருக்கோம்? கேஸ் கசிஞ்சா நாத்தம் வரும், தெரிஞ்சுக்கலாம்னு. அந்த நாத்தம் நமக்குத் தெரியணும்னே சிலிண்டர் கேஸ்ல கலந்து விடறது. காத்துப் பத்தாம அரைகுறையா எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல நம்ம ரத்தத்துல ஒட்டிக்கும். தலை கிறுகிறுன்னு வரும், கால் துவண்டுடும். எந்திரிச்சுத் தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது.

ரிப்பேர்காரர் வந்து, "பர்னரைச் சுத்தம் பண்ணி, ரெண்டு பேட்டரி மாத்திட்டாப் போதுங்க"ன்னார். அழுக்கு சேர்ந்து தீ மஞ்சளா எரிஞ்சது நெசந்தான். ஆனா சுத்தம் பண்ணினாலும், அடைச்ச ரூமுக்குள்ள எரிஞ்சா அது நம்ம மூச்சுக் காத்தைத்தானே எடுக்கும்? அதனால வேண்டாம்னுட்டேன்.

அந்தக் காலத்துல எங்க வீட்டுச் செம்பு பாய்லர் புறக்கடையிலதான் நிக்கும். நடுக்குழாயில தேங்காத்தொட்டி, பருத்திமார் போட்டு எரிப்போம். சுத்தி இருக்கற தண்ணி சூடாகும், புகை மேல போயிடும். நெருப்பு வெளிய, சுடுதண்ணி உள்ள. டைல்ஸ் ஒட்டிப் புதுசா குளியலறை கட்டினப்பதான் நாங்க நெருப்பை உள்ள கொண்டு வந்தோம்.

பழசெல்லாம் ஒசத்தின்னு சொல்ல வரலை. "பாய்லரே போதும்"னு நான் சொன்னதுக்கு, "தெனமும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் புகையில நீங்களா ஊதுவீங்க?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. ஞாயமான கேள்வி. சோலார் போடலாம்னா எங்க போர் தண்ணி உப்பு, குழாயெல்லாம் படிஞ்சுடும். கடைசியில 15 லிட்டர் கரண்ட் கீசர் வாங்கினோம். 2000 வாட் இழுக்கும், அதனால தனி வயர் இழுத்து, எர்த் புதுசாப் போட்டோம். கரண்ட் இல்லாத நாளைக்குப் பாய்லர். பத்தவைக்கறது நான்தான், அதுல பேரம் இல்லைன்னுட்டாங்க.

உங்களுக்குக் கேஸ்தான் தோதுன்னா, கீசரையும் சிலிண்டரையும் வெளிச்சுவத்துல காத்தோட்டமா மாட்டுங்க. குழாய் வழியா தண்ணி மட்டும் உள்ள வரட்டும். அதுக்குப் பணம் சேர்ற வரைக்கும், சன்னலைத் திறந்து வெச்சு வாளியில தண்ணியப் பிடிங்க, கீசரை நிறுத்துங்க, செத்த நேரம் விட்டு அப்புறமா குளிக்கப் போங்க. வயசானவங்க, கொழந்தைங்க குளிக்கறப்ப உள்தாழ்ப்பாள் போட வேண்டாம்.

இன்னைக்குச் சாயங்காலமே உங்க குளியலறையில அந்தக் காத்து ஓட்டை அடைச்சிருக்கான்னு ஒருதரம் பாருங்க. எங்கம்மா திணிச்ச சாக்கை நான் அதுக்கு முன்னாடியே பார்த்திருக்கேன். குளிருக்குத்தானேன்னு விட்டுட்டேன்.