வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்

"இலக்கியம் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நேர்மையான கேள்வி. என் கோபமெல்லாம் அதற்கு நம்மவர்கள் சொல்லும் பதில் மீதுதான். குறளில் மேனேஜ்மென்ட் இருக்கிறது, கவிதை மன அழுத்தத்தைக் குறைக்கும், நாவல் படித்தால் பிறர் வலி புரியும். இதெல்லாம் சத்து மாத்திரை விற்பவர் பேச்சு. நாவல் வாசித்தவரெல்லாம் நல்லவராகியிருந்தால் நம் இலக்கியக் கூட்டங்களில் இத்தனை சண்டை ஏன்?

இந்த நோய் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துவிடுகிறது. 'இலக்கிய நயம் பாராட்டுக' என்று தமிழ்த் தேர்வில் ஒரு கேள்வி வரும். திரண்ட கருத்து, எதுகை, மோனை, அணி என்று தலைப்புப் போட்டு எழுதினால் மார்க். நானும் எழுதினேன், வாங்கினேன். பாட்டைப் பிழிந்தால் கருத்து வரும், மிச்சம் சக்கை என்று நம்பிக்கொண்டே இன்ஜினியரிங் படிக்கப் போனேன்.

முப்பது வயதுக்குமேல் குறுந்தொகையைக் கையில் எடுத்தேன். நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிகிற பாட்டுகள். ஒவ்வொன்றோடும் ஒரு குறிப்பு இருக்கும்: யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது. பள்ளியில் நாங்கள் தாண்டிப்போன வரி அது. அதற்கு மார்க் கிடையாது. பல பாட்டுகளில் தோழி தலைவியிடம் பேசுகிறாள். தலைவனோ 'சிறைப்புறம்', அதாவது வேலிக்கு அந்தப் பக்கம், மறைவாக நிற்கிறான். பேச்சு இவளிடம், சேதி அவனுக்கு. இப்படி ராத்திரி வந்துபோவது போதும், கல்யாணத்துக்கு வழியைப் பார் என்பதை அவனிடம் நேராகச் சொல்ல மாட்டாள். திரண்ட கருத்து எழுதினால் இந்த வேலியே காணாமல் போய்விடும்.

போன வருடம் அம்மா போன் செய்தாள். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லப்பா. கால்தான் லேசா வீங்கியிருக்கு. நீ லீவெல்லாம் போட வேணாம்." நான் அதை ஸ்டேட்டஸ் அப்டேட்டாகக் கேட்டேன். பிரச்சினை இல்லை, டிக்கெட் க்ளோஸ். அன்றிரவு எனக்கு ரிலீஸ் இருந்தது. நாலு நாள் கழித்து அப்பா ஆஸ்பத்திரியில். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பேச்சை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அம்மா எப்போதும் கொல்லைப்புறம் போய்த்தான் என்னிடம் பேசுவாள். அன்று கூடத்திலிருந்து பேசினாள். பின்னால் அப்பா பார்க்கிற டிவி சத்தம். 'ஒண்ணும் இல்ல' என்றது அவர் பயப்படக் கூடாது என்று. எனக்கான சேதி 'லீவு போட வேணாம்' என்பதில் இருந்தது. லீவைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லையே!

குறுந்தொகை அன்றும் என் மேசையில்தான் இருந்தது. ஆக, இலக்கியம் என்னை நல்ல மகனாக்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

"எல்லாத்துலயும் உள்ளர்த்தம் தேடினா வாழ முடியுமாடா?" என்றான் நண்பன். நியாயம்தான். ஆனால் டிவி சத்தமும் கேட்காமலே வந்த லீவும் நான் இட்டுக்கட்டியவை அல்ல, பேச்சிலேயே இருந்தவை. இருப்பதைத் தவறவிடாதே, இல்லாததைச் சேர்க்காதே. இலக்கியப் படிப்பு தரும் பயிற்சி இந்த இரண்டும்தான். தினமும் நம் காதில் விழும் பேச்சுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

எனவே ஆசிரியர்களே, திரண்ட கருத்து கேட்பதை நிறுத்துங்கள். இது யார் பேச்சு, யாரிடம், வேறு யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். அதற்கு மார்க் போடுங்கள்.

அப்பா தேறிவிட்டார். இப்போதெல்லாம் அம்மா போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"