ஆல் சீசன் டயரும் நம்ம ஊர் சீசனும்



இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். கார் வைத்திருப்பவர்கள் மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரே டயர் பேச்சு. அண்ணன் மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான். ஸ்போர்ட்ஸ் ரகக் கார் ஒன்று வைத்திருக்கிறான். அதோடு வந்த கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன்’ என்ற ரகத்தில் நான்கு டயர் மாட்டி, படமும் போட்டு, “சித்தப்பா, வண்டி இப்ப வேற மாதிரி ஓடுது” என்று எழுதியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு இங்கே பெரம்பலூரில் இருக்கும் தங்கை மகனுக்குத் தூக்கம் போய்விட்டது. அவனும் இரண்டு வருடத்துக்கு முன்னால் நல்ல வேகமான டர்போ கார் ஒன்று வாங்கினான். அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை, தினமும் போய் வருகிறான். “மாமா, எனக்கும் அதே ஆல் சீசன் வேணும். நாலுக்கும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல ஆகும்ங்கிறாங்க. வெளியில இருந்து வரவழைக்கணுமாம். மாத்தலாமா?” என்று கேட்டான்.

என் பதில்: நியூ ஜெர்சிக்காரன் செய்தது சரி. பெரம்பலூர்க்காரன் அதையே செய்யக் கூடாது. டயரை மாற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேறு காரணத்துக்காக மாற்ற வேண்டும், வேறு டயருக்கு மாற வேண்டும்.

“இயற்பியல் வாத்தியாருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும், இன்னும் பழைய டிவிஎஸ்தானே ஓட்டுகிறார்” என்று சிலர் சிரிப்பது கேட்கிறது. டயர் என்பது முழுக்க இயற்பியல்தான்டா. உராய்வு, வெப்பம், அழுத்தம். மூன்றும் உங்களுக்கு நான் நடத்திய பாடம்.

முதலில் ரப்பர். பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைத்து வெடிக்கும். சார்லஸ் குட்இயர் என்பவர் 1839-ல் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அந்தக் குணத்தை மாற்றினார். (அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி அவருடையது அல்ல. அவர் 1860-ல் கடனோடு செத்துப்போனார். கம்பெனியை 1898-ல் வேறொருவர் தொடங்கி, மரியாதைக்காக அந்தப் பெயரை வைத்தார்.) கந்தகம் சேர்த்தாலும் ரப்பரின் சுபாவம் முழுதாகப் போவதில்லை. வெயில் காலத்துக்கென்று செய்த கலவை ஏழு டிகிரிக்குக் கீழே போனால் இறுகிவிடும். இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் அந்த மாதிரி கோடைக்கால டயரோடுதான் வருகின்றன. உறைபனியில் அதை ஓட்டினால் டயரின் மேல்பாகம் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். ஆகவே ஜனவரி மாதம் பனி கொட்டுகிற ஊரில் இருக்கிறவன், குளிரிலும் இளகி நிற்கிற கலவையில், பனியைக் கவ்வுகிற மெல்லிய கீறல்கள் நிறைந்த ஆல் சீசன் டயர் வாங்குவது புத்திசாலித்தனம். குளிருக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் என்று மாற்றி மாற்றிப் போடுகிற தொல்லையும் அவனுக்கு மிச்சம்.

நமக்கு? மார்கழி விடியற்காலையில்கூடப் பெரம்பலூரில் ஏழு டிகிரியைப் பார்த்தவர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ‘ஆல் சீசன்’ என்ற பேரில் இருக்கும் ‘சீசன்’ நம் ஊர் சீசன் இல்லை. பனிக்காலத்துக்காக அந்த டயரில் சில விஷயங்களை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். 40 டிகிரி வெயிலில், தார் அதைவிடக் கொதிக்கும்போது, கீறல் நிறைந்த அந்த ரப்பர்க் கட்டைகள் நெளியும். திருப்பத்திலும் பிரேக்கிலும் அதே தரத்துக் கோடைக்கால டயரை விடப் பொதுவாக ஒரு படி பின்னால்தான் நிற்கும். வெதுவெதுப்பான மழைச் சாலையிலும் அப்படித்தான். நமக்கு வராத பனிக்காகக் காசு கொடுத்து, வருகிற வெயிலிலும் மழையிலும் பிடிமானத்தை ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்? நம் நாட்டுக் கடைகளில் தொங்குகிற கார் டயர்களில் பெரும்பாலானவை ‘சம்மர்’ என்று எழுதாவிட்டாலும் அந்த ரகம்தான்.

சரி, அப்படியானால் கம்பெனி டயரே போதுமா? அதுவும் இல்லை. கார் கம்பெனிக்காரர்கள் டயரைத் தேர்ந்தெடுக்கும்போது மைலேஜ், தேய்மானம், சத்தம், விலை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். உருளும் தடை குறைந்தால் மைலேஜ் கூடும். ஆனால் உருளும் தடையைக் குறைத்துக்கொண்டே ஈரத்தில் பிடிமானத்தைக் கூட்டுவது சுலபமான வேலை இல்லை, அதற்கு விலை உண்டு. 115 குதிரை சக்தியோ 150 குதிரை சக்தியோ உள்ள காரில் அந்த விலையில் கை வைத்திருந்தால், மழையில் அது தெரிந்துவிடும். தம்பியின் காரில் அதுதான் நடக்கிறது என்று அவன் சொல்வதிலிருந்து எனக்குப் படுகிறது. “மழையில பிரேக் போட்டா ஏபிஎஸ் சீக்கிரம் துடிக்குது மாமா” என்கிறான். அந்தத் துடிப்புதான் மாற்றுவதற்கு நியாயமான காரணம். நியூ ஜெர்சிப் படம் அல்ல.

ஈரத்தில் பிடிமானம் என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். v²/2μg. ஞாபகம் இருக்கிறதா? மணிக்கு 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். காய்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று வைத்தால், பிரேக்கில் காலை வைத்ததில் இருந்து வண்டி நிற்க 36 மீட்டர். நனைந்த சாலையில் அதே கெழு 0.4 ஆனால் 63 மீட்டர். நடுவில் இருக்கும் 27 மீட்டர் என்பது ஆறு கார்களை வரிசையாக நிறுத்தும் இடம். அந்த 0.4-ஐ 0.5 ஆக்குகிற டயர் கிடைத்தால் 50 மீட்டரில் நின்றுவிடலாம். நாற்பதாயிரம் கொடுப்பது அந்தப் பதின்மூன்று மீட்டருக்காக இருக்கட்டும்.

இதில் அரியலூர்ச் சாலைக்கென்று ஒரு தனி விசேஷம் உண்டு. சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் இரவு பகலாக ஓடுகிற தடம் அது. மாதக் கணக்கில் தூசி படிந்து, டீசலும் எண்ணெயும் சொட்டிக் கிடக்கும். புரட்டாசி, ஐப்பசியில் முதல் மழை விழுகிற முதல் அரைமணி நேரம் அந்தச் சாலை சேறு பூசின திண்ணை மாதிரி ஆகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிவிட்ட பிறகு பரவாயில்லை. தூறல்தான் எமன்.

இந்த இரண்டு மாவட்டச் சாலைகளில் என்னிடம் படித்த நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறேன். அதில் ஒருவன் இப்படியொரு முதல் மழையில் போனவன். முன்னால் நின்றிருந்த லாரி அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, பிரேக்கும் போட்டிருக்கிறான். வண்டி நிற்கவில்லை. துக்கத்துக்குப் போனவன், ஸ்டேஷன் வாசலில் அந்தக் காரையும் பார்த்தேன். சீட் கவர் புதுசு. பாட்டுப் பெட்டி பெரியது. நான்கு டயரும் மொட்டை. அவன் அப்பா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் “நல்லா ஓட்டுவானே சார்” என்பார். நல்லாத்தான் ஓட்டினான்.

ஆகவே எந்த ரகம் என்பதற்கு முன்னால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். புது கார் டயரில் பள்ளம் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும். டயர் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமானால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர். சட்டத்தின் கடைசி எல்லை அது. மழைக்கு அது போதாது. மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததுமே, ஐப்பசிக்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்பது என் கட்சி.

அடுத்து காற்று. இங்கேதான் நம் ஆட்கள் செய்கிற கூத்து. “வெயில் காலம், டயர் வெடிச்சிடும், 32-க்குப் பதிலா 26 வை” என்று பங்க்கில் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். தலைகீழ் விஞ்ஞானம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு. உள்ளே இருக்கும் கம்பிக்கும் ரப்பருக்கும் இடையே ஒட்டு விட்டுப்போகும். மே மாதம் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரிலும் தொழுதூரிலும் நாம் பார்க்கிற கிழிந்த டயர்ச் சக்கைகளுக்கு முக்கியக் காரணம் இந்தச் சூடு. காற்று கூடியது அல்ல. 30 டிகிரியில் 32 வைத்த டயர் ஓடி ஓடி 65 டிகிரி ஆனால் அழுத்தம் 37 சொச்சம் ஆகும், வாயு விதிப்படி. அந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்கிறார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கும் அளவை, டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில் வையுங்கள். நைட்ரஜன்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

மழைக்கும் காற்றுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீரை வெட்டித் தள்ள முடியாமல் மேலே மிதக்கும். ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.6-ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் வரும். 36 பாயிண்ட் காற்று என்றால் 100 கி.மீ. 25 பாயிண்ட் என்றால் 83. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது. பள்ளம் இருக்கிற டயர் இன்னும் தாங்கும், மொட்டை டயர் தாங்காது. ஆனாலும் காற்றைக் குறைத்தால் மிதக்கும் வேகமும் குறைகிறது என்பதை மனதில் வையுங்கள்.

இனி தம்பிக்கு நேரடியாக. காருக்கு வந்த அளவு 205/55 ஆர் 16. அதையே வாங்கு. பதினேழு இஞ்ச் அலாய் போட்டு ஒல்லி டயர் மாட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பெயின்ட் அடிக்காத நம் வேகத்தடையில் ஒரு தடவை இடித்தால் பக்கச்சுவர் புடைத்துக்கொள்ளும். அளவுக்குப் பக்கத்தில் 91 வி என்று இருக்கிறதல்லவா? 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி என்றால் 240 கி.மீ. வேகம் வரை தாங்கும். அதற்குக் கீழே இறங்காதே. அதற்கு மேலே டபிள்யூ வாங்கினால் மழையில் நன்றாக நிற்கும் என்றும் நினைக்காதே. அது வேகத்துக்கான எழுத்து, ஈரத்துக்கானது இல்லை. ஈரப் பிடிமானத்துக்கு ஐரோப்பாவில் ஏ முதல் இ வரை மதிப்பெண் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். மழை மேகம் படம் போட்டிருக்கும் கட்டம் அது. நீ வாங்க நினைக்கும் மாடல் அங்கேயும் விற்றால், அதே அளவுக்கு அந்த எழுத்து என்ன என்று தேடிப் பார். நம் மத்திய அரசும் 2022-ல் ஈரப் பிடிமானத்துக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து அறிவிக்கை வெளியிட்டது. அது பாஸ் மார்க்தான். உன் வண்டிக்கு டிஸ்டிங்ஷன் வேண்டும்.

வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 1946-ல் திருவொற்றியூர்க் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப், இன்று நம் நாரணமங்கலத்தில் டயர் செய்கிறது. அங்கே ஷிஃப்டுக்குப் போகிற என் மாணவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூடுதல் விவரம் எழுதினால் சந்தோஷம். அதற்காக அதைத்தான் வாங்கு என்று விளம்பரம் செய்யவில்லை. சண்டைக்கு வராதீர்கள்.

நாற்பதாயிரம் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் இரண்டு மட்டும் வாங்கலாம். ஆனால் புதுசைப் பின்னால் போடச் சொல். கடைக்காரர் “ஃப்ரண்ட் வீல் டிரைவ் சார், முன்னாடிதான் போடணும்” என்பார். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், நீ ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுற்றும், அதை நம்மில் யாரும் சமாளிக்க முடியாது.

டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. சில டயரில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், குனிந்து உள்பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். இன்றைக்கே உங்கள் காரில் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் பார்த்து, இலக்கத்தைக் கமெண்டில் போடுங்கள். ஸ்டெப்னியைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். யாருடையது ரொம்பப் பழசு என்று பார்த்துவிடுவோம்.